மூன்றாவது மாடி பின்லாந்து

கணேசபாண்டியனின் மகள் இசக்கிசெல்வி வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது, தாராவியிலிருந்து அவளை வழியனுப்ப ஒரு ஆட்டோவும் அதன் பின்னால் ஒரு டெம்போவும் கிளம்பின. ஆட்டோவில் அப்பா, அம்மா, மகள். டெம்போவில் பக்கத்து வீட்டு பிரபாவதி அக்காவும் சந்து ஜனம் பாதியும். வண்டிகள் இரண்டும் விமான நிலையத்துப் பக்கம் திரும்பாமல் நேராகச் செம்பூருக்குப் போயின. வெளிநாடு அங்கேதான் இருந்தது. ஜகத்விகாஸ் வணிகவியல் கல்லூரியின் மூன்றாவது மாடியில்.

இதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். அந்தக் கல்லூரி ஒரு சட்டம் போட்டிருந்தது. கோடை விடுமுறையில் வெளிநாட்டில் போய்ப் படித்து அதற்கான கிரெடிட் மதிப்பெண் வாங்காத யாருக்கும் பட்டம் கிடையாது. வசதியுள்ள பிள்ளைகள் லண்டன், பாரிஸ் என்று பறந்தார்கள். மற்றவர்களை என்ன செய்வது என்று யோசித்து யோசித்து டைரக்டர் சங்கரநாராயணனுக்குத் தூக்கமே போய்விட்டதாம். பெற்றோர் கூட்டத்தில் அவரே சொன்னார்.

"ஏழைக் குழந்தையால வெளிநாட்டுக்குப் போக முடியலேன்னா அது நமக்கெல்லாம் அவமானம். அதனால வெளிநாட்டையே மூணாவது மாடிக்குக் கொண்டுவந்துட்டோம். நாலாவது மாடிலதான் முதல்ல யோசிச்சோம். அங்க தண்ணி ஏறாது."

பின்லாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. அதன்படி கோடை முழுக்க மூன்றாவது மாடி பின்லாந்து. ஏன் பின்லாந்து என்று ஒரு தகப்பனார் எழுந்து கேட்டார்.

"மத்த நாடெல்லாம் பதில் போடலை" என்றார் டைரக்டர். எல்லோரும் கை தட்டினார்கள். கணேசபாண்டியனும் தட்டினார்.

அவர் பயணப் பை தைக்கும் பட்டறையில் ஜிப்பும் சக்கரமும் பொருத்துகிறவர். அவர் கை பட்ட பைகள் துபாய், சிங்கப்பூர் என்று போய்க்கொண்டே இருந்தன. அவர் தாதர் ஸ்டேஷனைத் தாண்டுவதே அபூர்வம். மகளுக்கென்று ஒரு பையை முதலாளியிடம் சொல்லிவிட்டு, நல்ல துணியாகப் பார்த்து, தானே தைத்தார்.

"செம்பூருக்குப் போறதுக்கு எதுக்குங்க சக்கரம் வச்ச பை?" என்று கேட்டாள் மனைவி முப்பிடாதியம்மாள். "இங்கன இருந்து கத்துனா அங்க கேக்கும்."

கேலி பேசினாளே தவிர, பையில் துணியை மடித்து அடுக்கியது அவள்தான். நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லாதவள். குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்கும். அடுக்குவாள், சுவரில் சாய்ந்துகொள்வாள், மறுபடி அடுக்குவாள். மகள் பட்டம் வாங்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது. பின்லாந்து என்ன, நிலாவுக்குப் போனால்தான் பட்டம் என்று சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பாள்.

கல்லூரி வாசலில் மாடிப்படிக்கு முன்னால் ஒரு கூண்டு வைத்து, 'குடியேற்றம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் காவலாளி பூலோகம். அவரும் தாராவிதான், இசக்கிசெல்வி தவழ்ந்த காலத்திலிருந்து தெரியும். அன்று நீலக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தார். கல்லூரியே அச்சடித்துக் கொடுத்த பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார்.

"பயணத்தோட நோக்கம் என்ன?"

"படிப்பு, மாமா."

"மாமான்னு சொல்லப்படாது, பிள்ளை. மேல கேமரா இருக்கு." பிறகு குரலை உயர்த்தி, "இதுக்கு முன்னால இந்த நாட்டுக்கு வந்ததுண்டா?" என்றார்.

"போன வாரம் வந்தேன். அக்கவுண்டன்சி கிளாஸ் அங்கதான் நடந்துச்சு."

பூலோகம் சங்கடத்தோடு முத்திரையைக் குத்தினார். இசக்கிசெல்வி பையை உருட்டிக்கொண்டு படி வரைக்கும் போனாள். அதற்கு மேல் உருட்ட முடியாது என்பதால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள். முப்பிடாதியம்மாள் தெருவில் நின்று மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாகப் பனிக்காட்டுப் படம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரு தெரியாது. இது தெரியாமல் அவள் கை வலிக்கும் வரை ஆட்டினாள்.

போன பிள்ளைகளின் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை, பின்லாந்து நேரப்படி, கல்லூரிக் கம்ப்யூட்டரில் வீட்டோடு முகம் பார்த்துப் பேசலாம். முதல் வாரம் பேசியபோது இசக்கிசெல்வி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. வீட்டில் மே மாதப் புழுக்கத்தில் முப்பிடாதியம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"குளுருதாட்டி?"

"குளுருதும்மா. ஏசியைக் குறைக்க மாட்டேங்காங்க. குறைச்சா ஒப்பந்தம் செல்லாதாம்."

"என்ன சாப்பிடுத?"

"அவிச்ச உருளைக்கிழங்கு. அம்மா, ஒரே ஒரு நாளு உன் கையால புளிக்கொழம்பு..."

அவ்வளவுதான், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. வீட்டு நினைப்பு போதும், வெளிநாட்டு வியப்பைப் பற்றியும் பேச வேண்டும் என்று ஞாபகப்படுத்தியது. இசக்கிசெல்வி உடனே, இங்கே சூரியன் மறைவதே இல்லை என்றாள். அது உண்மைதான், மூன்றாவது மாடியில் டியூப் லைட்டை அணைக்க விடுவதில்லை. அந்த நேரம் பார்த்துச் செம்பூர்த் தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒருவன் மராத்தியில் "காந்தா, பட்டாட்டா" என்று கூவிக்கொண்டு போனது கம்ப்யூட்டர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"பின்லாந்துலயும் வெங்காயம் விக்க வாறானோ?" என்று கேட்டு முப்பிடாதியம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. மகள் முகம் மாறியதைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, மொளகா வறுத்தேன்" என்றாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே இருந்தாள்; கால் இரண்டும் வீங்கிவிட்டன. கணேசபாண்டியன் சயான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். பார்க்க வேண்டியவள் ஒருத்திதான் இருந்தாள். பிரபாவதி அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவர் பஸ் பிடித்தார்.

கூண்டுக்குள் பூலோகம் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, விசா இல்லாம மேல விட முடியாதே."

"செல்வியோட அம்மைக்கு முடியல, பூலோகம்."

பூலோகம் கேமராவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "முதல்ல சாதனா மேடத்தப் பாருங்க. விசா அவங்க கையில" என்றார்.

சாதனா மேடம் வெளிநாட்டுப் படிப்புத் துறையின் ஒருங்கிணைப்பாளர். நல்ல பெண்மணி. தண்ணீர் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார்.

"அங்கிள், உங்க வேதனை எனக்குப் புரியுது. வேதனை எங்க பாடத்திட்டத்துலயே இருக்கு. வீட்டு நினைப்புக்குத் தனி மார்க். ஆனா வீட்டுலேர்ந்து கெட்ட செய்தி வந்தா எப்படித் தாங்குறதுங்கிறது அடுத்த வாரப் பாடம். உங்க பொண்ணுக்கு மட்டும் இந்த வாரமே வந்தா மத்த பசங்களுக்கு அநியாயம் இல்லையா?"

கணேசபாண்டியன் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி, இப்படிப் பாருங்க. அவ நிஜமாவே பின்லாந்துல இருந்திருந்தா இன்னைக்கு வந்திருக்க முடியுமா?"

அவர் யோசித்துப் பார்த்தார். முடியாதுதான்.

"ஆனா மேடம், அவ இந்தா இந்தப் படிக்கு மேலதான இருக்கா?"

சாதனா மேடத்தின் முகம் வாடிவிட்டது. "பெத்தவங்க நீங்களே நம்பலேன்னா பின்லாந்துக்காரன் எப்படி அங்கிள் நம்புவான்?" என்றார். மகளிடம், அவள் மனம் உடைந்துபோகாத அளவுக்கு, குடும்பத்தில் ஒரு விஷயம் என்று மட்டும் சொல்வதாக ஒத்துக்கொண்டார். கணேசபாண்டியன் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தார்.

மறுநாள் காலையில் மாட்டுங்காவுக்குப் போய் டைரக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். சங்கரநாராயணன் அப்போதுதான் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மான்னா அம்மாதான். அதுக்கு மேல என்ன ரூல் இருக்கு?" என்றார். கணேசபாண்டியனுக்குக் கண் கலங்கியது. "என் அம்மா போனப்போ நான் அமெரிக்காவுல படிச்சிண்டிருந்தேன். வர முடியலை. முகத்தைக்கூடப் பாக்கலை. அந்த ஏக்கம் இருக்கு பாருங்கோ, அதுதான் என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது. இப்பேர்ப்பட்ட அனுபவம் ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைக்காமலே போயிடுமோன்னு நினைச்சுத்தான் இந்தத் திட்டத்தையே ஆரம்பிச்சேன்."

உடனே போனை எடுத்து, அவசரத் தாயகம் திரும்பலுக்கு அனுமதி கொடுத்தார். கணேசபாண்டியன் கும்பிட்டார். அவர் படியிறங்கும்போது டைரக்டர் கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னார். பின்லாந்திலிருந்து பம்பாய்க்கு நேர் விமானம் ஒப்பந்தத்தில் கிடையாது. இரண்டாவது மாடியில் துபாய். அங்கே இறங்கி மாறித்தான் வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முப்பிடாதியம்மாள் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாறாளா?"

"கெளம்பிட்டா."

"செம்பூர்ல இருந்து வர எம்புட்டு நேரமாவும்?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

உச்சி வேளைக்கு பூலோகம் போன் செய்தார். "அண்ணாச்சி, பிள்ள துபாய்ல இருக்கு."

"ரெண்டாவது மாடியிலயா?"

"ஆமா. கம்பிக் கதவு பூட்டிருக்கு. விமானமா நடிக்கிற சாரு சாப்பிடப் போயிருக்காரு. அவரு வந்து அறிவிச்சாத்தான் இறக்கி விடுவாங்களாம்."

"அம்மைக்கு என்னன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கேன். என்கிட்ட மாமா, மாமான்னு கேக்கா. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கேன்."

வெயில் வார்டு ஜன்னலில் சாய்ந்தபோது முப்பிடாதியம்மாளுக்கு நினைவு கலையத் தொடங்கியது. கை எதையோ தேடித் துழாவியது. கணேசபாண்டியன் தன் கையைக் கொடுத்தார்.

"பிளேன் ஏறிட்டாளா?" என்று கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "ஏறிட்டா" என்றார்.

"தனியா வாறாளே. பயந்துருவா."

"பயப்பட மாட்டா. பூலோகம் இருக்காம்லா கூட."

"தூரம்லா..." என்றாள். மூச்சை இழுத்து மறுபடி சொன்னாள். "ரொம்பத் தூரம்லா. பிள்ளையைத் திட்டாதீங்க. மெதுவாவே வரட்டும்."

செம்பூர்தான், இந்தா பக்கத்தில்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டு பிள்ளை வரவில்லை என்பதைவிட, எங்கோ தூரத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தேவலை என்று பட்டது. "ஆமா, தூரம்தான்" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை கனத்துவிட்டது.

பூலோகத்துக்குப் பிரபாவதி அக்காதான் போன் செய்தாள். அவர் கூண்டை விட்டு எழுந்து, டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டாவது மாடிக்குப் போய்க் கம்பிக் கதவைத் திறந்தார். "ஓடு பிள்ள, பெரியாஸ்பத்திரிக்கு ஓடு" என்றார். இறந்ததைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இசக்கிசெல்வி ஸ்வெட்டரோடு அப்படியே ஓடினாள். ஆட்டோவில் வந்து இறங்கி, வியர்வை ஒழுக வார்டுக்குள் நுழைந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். யாரும் சொல்லுமுன்பே, "அம்மா, வந்துட்டேம்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காரியம் முடிவதற்குள் கல்லூரியிலிருந்து ஒரு தகவல் வந்தது. இசக்கிசெல்வி துபாயிலிருந்து வெளியேறும் முத்திரை இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டாள். ஆகவே அவள் இன்னும் திரும்பியதாகக் கருதப்படவில்லை. கிரெடிட் நிறுத்தி வைக்கப்படுகிறது. பூலோகத்தைப் பின்லாந்திலிருந்து விலக்கி சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள்.

பிறகு ஒரு நாள் டைரக்டரே தாராவிக்கு வந்தார். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் நடந்தே வந்தார். பாயில் உட்கார்ந்து, துக்கம் விசாரித்தார். இசக்கிசெல்வியின் நுழைவை முறைப்படுத்திவிட்டதாகச் சொன்னார். நிறைவு விழாவுக்கு இருவரும் வர வேண்டும். அம்மாவின் போட்டோ ஒன்றையும் கொண்டுவர வேண்டும்.

அவர் போன பிறகு கணேசபாண்டியன், "நான் வரல" என்றார். "அந்தப் படியை நான் மறுபடியும் பாக்க மாட்டேன்."

இசக்கிசெல்வி பல நாட்களாகச் சரியாகப் பேசாமல் இருந்தவள். அன்று அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"போவம்ப்பா. போகலேன்னா கிரெடிட் போயிரும். அது போச்சுன்னா டிகிரியும் போச்சு. அப்புறம் நான் எதுக்குப்பா அங்க கெடந்தேன்?"

கணேசபாண்டியன் எழுந்தார். சட்டையை எடுத்து மாட்டினார்.

விழா கீழ்த்தள அரங்கில் நடந்தது. அது இந்தியாதான், வியர்த்தது. முப்பிடாதியம்மாளின் போட்டோவை மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. அவள் அதில் யாரையோ முறைப்பது போல இருந்தாள்.

டைரக்டர் பேசினார். மற்ற கல்லூரிகள் வெளிநாட்டுக் கல்வி என்று இடத்தைத்தான் காட்டுகின்றன, தூரத்தைக் காட்டுவதில்லை என்றார். "நம்ம மாணவி ஒருத்தி, மூணு மாடிக்குள்ளேயே அந்தத் தூரத்தை முழுசா அனுபவிச்சிருக்கா. நிஜமாவே பின்லாந்து போன எந்தக் குழந்தைக்கும் இது கிடைக்கலை. பின்லாந்து யுனிவர்சிட்டிக்காராளே பாராட்டி எழுதியிருக்கா." அடுத்த வருஷத்திலிருந்து, வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டில் ஏற்படும் இழப்பு என்பது தனிப்பாடம், அதற்கு ஒரு கிரெடிட் கூடுதல், பாடத்துக்கு அந்த அம்மையாரின் பெயரே வைக்கப்படும் என்றார். பெயரைப் படிக்க முயன்று, "முப்பி... முப்புடாதி" என்று தடுமாறி, "மிசஸ் பாண்டியன்" என்று முடித்துக்கொண்டார்.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. கணேசபாண்டியன் உட்கார்ந்தே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அன்போடு முழங்கையைப் பிடித்து அவரையும் எழுப்பி நிறுத்தினார்.

விளக்கேற்ற அப்பாவையும் மகளையும் மேடைக்கு அழைத்தார்கள். சுடர் அணையாமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தினார்கள். கணேசபாண்டியன் மெழுகுவர்த்தியை வாங்கித் திரிகளில் ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். கடைசித் திரியை மகள் அவர் கையைப் பிடித்துக் கொளுத்தினாள். சாதனா மேடம் மைக்கை அவர் வாய்க்கு அருகில் கொண்டுவந்து, தாய்மொழியிலேயே இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆசிரியரை ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னார்.

அவர் சபையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு, வீட்டில் பேசுவது போலவே பேசினார்.

"முப்பிடாதி, பிள்ள எங்கயும் போகலட்டி. இங்கனதான் இருந்திருக்கா. நான்தான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

இசக்கிசெல்வி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா இறந்த பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

மொழிபெயர்க்க வந்த தமிழ் ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு டைரக்டரைப் பார்த்தார். டைரக்டருக்குத் தமிழ் தெரியும். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தன் மகள் பயணத்தை வெற்றிகரமாக முடித்துத் திரும்பிவிட்டாள் என்று தகப்பனார் மகிழ்ச்சி தெரிவிக்கிறார்" என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொன்னார்.

கை தட்டல் அடங்க நேரமானது. யாரோ மின்விசிறிகளைப் போட்டார்கள்.